அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுகிறார் தையல்காரம்மா. அளப்பது என் பேண்ட்டின் கீழ்மடிப்பை. பேசுவதோ செத்துப்போய் எத்தனையோ காலமான ஒருவரைப் பற்றி. "அந்த மனுஷன் மட்டும் கொஞ்சம் புரியுற மாதிரி எழுதித் தொலைச்சிருந்தா எனக்கு இந்தக் கண்ணாடியே வந்திருக்காது. ஆடாம நில்லுங்க!" அந்த மனுஷன், பழைய பாப்டிஸ்ட் சபை ஒன்றின் செயலர். மாதக் கூட்டங்களில் நடந்ததைக் குறித்துவைத்தவர்.

துணி திருத்திக் கொடுக்கும் கடை இது. புதிதாக எதையும் தைப்பதில்லை. "அடுத்தவங்க தச்சதைப் பிரிச்சுப் பாக்குறதுலதான் எனக்கு ருசி" என்பார். மதியம் ஆள் வரத்து குறைந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு, பழைய பதிவேடுகளைப் புரட்ட அந்தச் சபை அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார். என் கோட்டு ஒரு மாதம் சீந்துவாரில்லாமல் கிடந்தது அதனால்தான். கேட்டதற்கு, "உயிரோட இருக்கறவங்க கொஞ்சம் பொறுக்கலாம்" என்று பதில் வந்தது.

தேடுவது தன் குடும்பத்தை அல்ல, மாமியாரின் குடும்பத்தை. "எங்க வீட்டுக் கதையே நாறிக் கிடக்கு, அதை யாரு கிளறுவா?" மாமியார் கடைக்குப் பின்னறையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மாவைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா என்பதும் தெரியாது. "கண்ணை மூடுறதுக்குள்ள அது ஒண்ணு தெரிஞ்சுட்டாப் போதும்" என்றாராம். எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் மாமியார் மருமகளிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே உதவி அதுதான்.

மிஷினுக்கு மேலே ஒரு லைனிங் துணி தொங்குகிறது. மாமியாரின் வம்சம் முழுவதும் அதில் இருக்கிறது. சந்தேகமான பெயர்கள் சாக்கட்டியில், ஆதாரம் கிடைத்தவை நூலில். சாக்கட்டியை ஈரக்கையால் அழித்து அழித்து ஒரு மூலை நைந்தேவிட்டது.

அந்த அழிப்புக்குக் காரணம் அவர் பிறந்து வளர்ந்த வேறு சபை. அங்கே கைக்குழந்தைக்கே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தேதியை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். பாப்டிஸ்டுகளோ விவரம் தெரிந்து, தானாக விசுவாசித்துக் கேட்கிறவருக்குத்தான் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். இது புரியாமல் முழுக்குத் தேதியையே பிறந்த தேதியாக வைத்துக் கணக்குப் போட்டதில், மாமியாரின் அம்மாவுக்கு நாலு வயதில் கல்யாணம் நடந்திருந்தது. "உங்கம்மா பால்குடி மறந்த கையோட கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க போல, அத்தை!" என்று சிரித்திருக்கிறார். பின்னறையிலிருந்து சூடாக வந்தது: "கழுத்தளவு தண்ணியில நின்னு முழுக்கெடுத்தவ எங்கம்மா. பச்சப்புள்ளைய யாருடி அதுல முக்குவா?"

பட்டும் புத்தி வரவில்லை. திரும்பச் சேர்த்திருந்தால் இரண்டாவது முழுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நம்பி, முழுக்குப் பட்டியலையே மாதக்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தார். முழுக்கு ஒரு முறைதான். நீக்கியவரைச் சேர்ப்பது கூட்டத்தில் அங்கத்தினர்கள் கை தூக்கித்தான் என்று சபை அலுவலகத்தில் யாரோ இரக்கப்பட்டுச் சொன்ன பிறகுதான் கூட்டக் குறிப்புகள் பக்கம் திரும்பினார்.

நான் பேண்ட்டை வாங்கப் போன அன்று விஷயம் கிடைத்திருந்தது. பின்னறையில் மாமியாரின் கட்டிலருகே நின்று, எழுதிக்கொண்டு வந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்து வியாபாரம் செய்ததால் நீக்கம்.

"அவ்வளவுதானா?" என்றார் மாமியார். "இதுக்கா எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டாங்க? நான் என்னென்னமோ நெனச்சுட்டேனே, பாவி!"

அழுதார். ஞாயிறன்று மிஷினைத் தொடக்கூடாது என்று வாராவாரம் மருமகளோடு மல்லுக்கட்டுகிறவர் இவர்தான். மருமகள் அதை அன்று சொல்லிக்காட்டவில்லை.

"மேல படி."

"மறு வருஷம் சபைக்கு முன்னாடி வந்து நின்னு மன்னிப்புக் கேட்டிருக்காங்க. சேர்த்துக்கறதா வேண்டாமான்னு அடுத்த கூட்டத்துல கை தூக்கி முடிவு பண்றதா எழுதியிருக்கு."

"அடுத்த கூட்டத்துல?"

"கூரை ஒழுகுறதைப் பத்திப் பேசியிருக்காங்க, அத்தை. அதுக்கு அடுத்ததுலயும் கூரைதான். அப்புறம் அவங்க பேரே வரல. கடைசி வரைக்கும் பாத்துட்டேன்."

எனக்கு அந்தச் செயலர் மேல் ஆத்திரமாக வந்தது. செத்தவரை என்ன செய்ய!

மாமியார் மோட்டுவளையைப் பார்த்தார். "அப்போ, வேண்டாம்னும் யாரும் சொல்லலையே?"

"சொல்லல."

"நானும் அந்தச் சபையில முழுக்கெடுத்தவதானே? எனக்கும் ஒரு கை உண்டு."

போர்வைக்குள்ளிருந்து வலது கையை உருவி மேலே தூக்கினார். அது சரியப் பார்த்தது. மருமகள் தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு, மாமியாரின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, அது இறங்கிவிடாமல் பிடித்துக்கொண்டார்.