நீலம் கலந்த வெள்ளை

சித்திரை மாதம், இரண்டாம் சனிக்கிழமை. காலையில் மழை இல்லை. தொகையீட்டுக் கோளம் திறக்கப்பட்டது. உட்பூச்சில் நீலச் சாயல் இருப்பது உறுதியானது. மேல் அரைக்கோளத்தின் பூச்சு சுரண்டப்பட்டது. கீழ் அரைக்கோளத்தில் வேலை நடைபெறவில்லை. மின்குமிழ் எதுவும் அளக்கப்படவில்லை.

நடந்தது இவ்வளவே. காரணத்தைச் சற்று விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

ஒளி அளவியல் கற்பித்து ஓய்வுபெற்றபின், குருவிட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தை ஒட்டியுள்ள இந்த வீட்டில் கோளமொன்றை அமைத்தேன். தண்ணீர்த் தாங்கி செய்பவர் வார்த்துக் கொடுத்த இரண்டு அரைக்கோளங்கள். மூடினால் இரு கைக்குள் அடங்காத உருண்டை. நடுவில் ஒரு மின்குமிழை எரியவிட்டால், அது எத்திசையில் வீசும் ஒளியும் வெள்ளை உட்சுவரில் பட்டுப் பட்டுச் சமமாகப் பரவும். சுவரில் பதித்த ஒளி உணரி அந்த மொத்தத்தைச் சொல்லும். சுவர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே முதல் நிபந்தனை.

சென்ற தீபாவளிக்கு முன் நான் கொழும்பில் ஓர் ஆய்வேட்டைப் பரிசீலித்துக்கொண்டிருந்தபோது, பூஞ்சணம் பிடித்திருந்த உட்பூச்சை என் மனைவி புதுப்பித்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பண்டிகைக்கு வெள்ளையடிப்பவர்கள் செய்வதுபோல, நான் கலந்து வைத்திருந்த பூச்சில் துணிக்குப் போடும் நீலத்தையும் சிறிது கரைத்திருந்தாள். கண்ணுக்கு அது கூடுதல் வெள்ளையாகத் தெரியும். ஆனால் மஞ்சளிலும் சிவப்பிலும் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

"எப்படி, பளிச்சுன்னு இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். பளிச்சென்றுதான் இருந்தது.

மார்கழியில் அவள் காலமானாள். அதன்பின் நான் எதையும் அளக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, அவள் கற்பித்த தோட்டப் பாடசாலைக்குப் பக்கத்து லயத்திலிருந்து, அவளுடைய தோழி இரண்டு மின்குமிழ்களுடன் வந்தாள். பகலில் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் திங்கட்கிழமை முதல் மாலை வகுப்பு. தோழியின் மகளும் இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். மங்கல் வெளிச்சத்தில் படித்துத் தலைவலி என்று படுத்துவிடுகிறாளாம். பெற்றோர் சேர்ந்து நல்ல விளக்குகள் வாங்கப் போகிறார்கள். எந்த வகை என்பதுதான் கேள்வி. ஒன்று மஞ்சள் வெளிச்சம், மற்றது நீல வெண்மை.

"கடைக்கார நானாவைக் கேட்டா ரெண்டும் நல்லதுங்கிறாரு, சேர். அவரு கடையில கெட்ட சாமான் எப்பதான் இருந்திச்சு?"

இப்போதுள்ள சுவரை நம்பினால் மஞ்சள் விளக்குக்கு அநியாயம் நேரும் என்று காரணத்தோடு விளக்கினேன். அவள் கோளத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"நீலம் போடச் சொன்னதே நான்தாங்க. டீச்சரம்மா, 'சேர் ஏசுவாரு'ன்னாங்க. 'ஏசுனா என் பேரச் சொல்லிருங்க'ன்னேன்."

"நான் ஏசலையே."

"தெரியும். 'மனுசன் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல, அப்ப நாம தப்பாத்தான் போட்டுட்டோம்'னு சொல்லிச் சிரிச்சாங்க."

நான் சுரண்டியை எடுத்தேன். என் மனைவி இடது கைக்காரி. தூரிகைத் தடங்கள் அனைத்தும் வலமிருந்து இடமாகச் சென்றிருந்தன. சுரண்டியும் அத்திசையிலேயே இலகுவாக ஓடிற்று. மேற்பாதி முடிந்தபோது தோழி கை நீட்டினாள்.

"குடுங்க சேர், மத்தத நான் சொரண்டுறேன்."

"வேண்டாம்மா. நாளைக்கு நானே செய்றேன்."

அவள் என்னை வற்புறுத்தவில்லை. "செய்ங்க. ஆனா திங்கக்கிழமை புள்ளைங்க வந்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மின்குமிழ்களை மேசைமீது வைத்துவிட்டுப் போனாள்.

எஞ்சியிருப்பவை:

கீழ் அரைக்கோளத்தைச் சுரண்டுதல்.

இரு பாதிகளிலும் நீலம் சேராத பூச்சைப் பூசி, மின்விசிறி வைத்து உலர்த்துதல்.

ஒளியளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு விளக்கை எரித்து உணரியைச் சரிபார்த்தல்.

இரண்டு மின்குமிழ்களையும் அளந்து, திங்கள் மாலைக்குள் லயத்துக்குப் போய்ச் சொல்லுதல்.