கால் கழுவாமல் தொடாதீங்க

நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது நடந்தது. கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில், 2001ஆம் வருடம் ஐப்பசி மாதம், கோகிலா என்ற பெண்ணுக்கு நடந்தது. அவள் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. குறைந்திருக்கலாம், ஏனென்றால் சில இடங்களில் அவளால் பேச முடியவில்லை.

கோகிலாவின் புருஷன் சின்னராசு சமையல்காரன். ஏற்காட்டில் அவன் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுப் பார்த்த ஒரு முதலாளி, கென்யாவில் காட்டு விலங்கு பார்க்க வருகிறவர்களுக்காக நடத்தும் தன் விடுதிக்கு அவனைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். அப்போது கோகிலாவுக்கு மூன்று மாசம். பாப்பா பிறந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கவும் ஆரம்பித்துவிட்டாள். அப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

மாசம் ஒரு ஞாயிறு செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவான். ஊர்க்கதை கேட்கமாட்டான், காட்டுக் கதைதான் அளப்பான். விடுதி வாசலில் நாற்காலி போட்டு வெள்ளைக்காரர்கள் டீ குடிப்பார்களாம். எதிரே குட்டையில் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்குமாம். இருட்டினால் கூடாரம்வரை துணைக்கு ஈட்டியோடு மசாய் என்ற அந்தக் காட்டுப் பழங்குடிக்காரர் ஒருவர் வருவாராம். அவர்களில் லெமயான் என்பவர் இவனுக்கு அண்ணன் மாதிரி. சாயங்காலம் சிவப்புப் போர்வையோடு அவர்கள் நின்ற இடத்திலேயே எம்பி எம்பி ஆடுவதைப் பார்த்தால் கண் கொட்டாதாம்.

"இங்கத்திப் புள்ளைங்க பெரியவங்களைக் கண்டாத் தலையக் குனிஞ்சு காட்டும் கண்ணு. அவங்க உச்சந்தலையத் தொடுவாங்க. நான் வந்ததும் பாப்பாவை அப்படித்தான் தொடுவேன்" என்பான். அந்த ஒரு நாளுக்காகத்தான் கோகிலா பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து தூறல். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கி, வாசலுக்கு எதிரே நின்ற பலாமரம்கூட மறைந்துவிட்டது. கோகிலா கதவருகே உட்கார்ந்து பாப்பாவுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை. அப்புறம் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டது.

வாசலில் சின்னராசு நின்றான்.

கோகிலா சந்தோஷத்தில் கூழ்க் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க! இப்படிச் சொல்லாமக் கொள்ளாம..."

அவன் சிரித்தான். கையில் பெட்டி இல்லை. பை இல்லை.

"சாமானெல்லாம் பஸ்ஸுலயே உட்டுட்டீங்களா?"

அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. "இன்னைக்கு யானை நெறைய வந்துச்சு கண்ணு. காட்டெருமையும் வந்துச்சு" என்றான்.

இன்னைக்கா? கொல்லிமலையில் யானை ஏது? அலுப்பில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். தூறலில் வந்தவன் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தலைமுடி காய்ந்து கிடந்தது. பாதம் முழுக்கப் புழுதி. மலை முழுக்கச் சேறாகக் கிடக்கிற நாளில்... புழுதி.

வேற்று முகம் கண்டால் வீறிட்டு அழுகிற பாப்பா அழவில்லை. அவனைப் பார்த்தாள். மெல்லத் தலையைக் குனிந்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவன் கையை நீட்டினான்.

கோகிலா சட்டென்று பாப்பாவை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வேறொன்றும் இல்லை, அவர்கள் வீட்டு வழக்கம். தூரத்திலிருந்து வந்தவர் பெற்ற அப்பனே ஆனாலும், கால் கழுவாமல் கைக்குழந்தையைத் தொடக் கூடாது. வழியில் கிடக்கிற காத்து கருப்பு காலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

"காலைக் களுவிட்டுத் தொடுங்க. இருங்க, தண்ணி கொண்டாறேன்."

அவன் முகம் வாடியது. அவள் பார்த்தாள். பார்த்தும், இத்தனை மாசம் பொறுத்தவருக்கு இன்னும் ஒரு நிமிஷம் பொறுக்காதாக்கும் என்ற செல்லக் கோபத்தில், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

செம்பைத் தொட்டியில் விட்டாள். சளக்...

வாசலிலிருந்து குரல்.

"வாரேன் கண்ணு..."

"வாங்க, வாங்க!" என்றாள் சிரித்துக்கொண்டே.

உள்ளே வருகிறவனும் வாரேன் என்பான். விடைபெற்றுப் போகிறவனும் வாரேன் என்றுதான் சொல்வான்.

செம்போடு ஓடி வந்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

சேற்றில்... ஒரு கால்தடம்கூட இல்லை.

பனிக்குள் எங்கேயோ பஸ் ஹாரன் கேட்டது. நாலரை மணி பஸ். அவள் செம்பைப் பிடித்தபடி இருட்டும்வரை அங்கேயே நின்றாள். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் கென்யாவிலிருந்து போன் வந்ததென்று பூத்துக்காரர் ஆள் அனுப்பினார். ஒரு வாரம் கழித்துச் சவப்பெட்டி வந்தது. கூடவே வந்தவர் தனசேகரன். துறையூர்க்காரர், அதே விடுதியில் ஸ்டோர் பார்க்கிறவர். காரியமெல்லாம் முடிந்த பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"தண்ணித் தொட்டிகிட்ட காட்டெருமை முட்டிருச்சுங்க. வண்டி வர்றதுக்கு நேரமாயிருச்சு. லெமயான்தான் மடியில போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தார். உசுரு போனப்ப அங்க மணி ரெண்டுங்க. நம்மூருக்கு நாலரை."

கோகிலா பாப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கடைசியில முழிச்சு, கால் பக்கமாக் கையைக் காட்டினாராம். குடிக்கக் கேக்கறார்னு தண்ணிய வாயில ஊத்தினா வேண்டாம்னு தலையாட்டினாராம். அப்புறம் கேன் தண்ணி மொத்தத்தையும் காலுல ஊத்துனதும்தான் முகம் தெளிஞ்சுச்சாம். தமிழ்ல என்னமோ திரும்பத் திரும்பச் சொன்னாராமுங்க. லெமயானுக்கு ஒண்ணும் வெளங்கல. மறந்துருமேன்னு வழியெல்லாம் அதையே சொல்லிக்கிட்டு ஓடியாந்து எங்கிட்டச் சொன்னார். எதுக்கு அப்படிச் சொன்னார்னு எனக்கும் தெரியலீங்க."

"என்னங்க சொன்னாரு?"

தனசேகரன் பாப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கால் களுவிட்டேன் கண்ணு... இப்பத் தொடட்டுமா?"