சாவியை உள்ளே போட்டு மூடிய காலை

தானாகப் பூட்டிக்கொள்ளும் பெட்டிக்குள் சாவியையே போட்டு மூடியிருக்கிறீர்களா? பி.காம். முடித்த நான் மூடினேன்.

கொள்ளுத்தாத்தாவின் மர எழுதுபெட்டி அது. இன்ஸ்டாவில் போடப் படமெடுத்த கையோடு, சாவியைப் பேனாத்தட்டில் போட்டுவிட்டு மூடியை அழுத்தினேன். 'டக்'. உள்ளே அப்பாவின் பிரெஞ்சு பாஸ்போர்ட். அதைப் புதுப்பிக்கப் பதினொரு மணிக்கு ஊரிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் இருக்க வேண்டும். தவறினால் அக்கா கல்யாணத்துக்கு அவர் பாரிஸ் போக முடியாது. மணி பத்து.

"சுத்தியல எடுடா, ஒடைச்சிடறேன்!" என்றார் அப்பா.

"இருப்பா, சாவிக்காரர இட்டாறேன்!"

உப்பளம் ஏரியாவிலிருந்து அவரை பைக்கில் ஏற்றி வந்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பூட்டு கெட்டி தம்பி. பின்னாடி கீல பாத்தியா?"

கீலின் ஆணியைத் தட்டி உருவினார். மூடி பின்பக்கமாகத் திறந்தது. பத்தே முக்கால்.

"பேசாம வண்டிய எடு," என்றார் அப்பா.

பதினொன்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். இப்போது அந்தப் பெட்டிச் சாவி என் பைக் சாவியோடு தொங்குகிறது.