இசபெல்லாவின் நாக்கும் ஆரோக்கியராஜின் மோரும்

ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் இசபெல்லாவிடம் இரண்டு பேரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் அவள் கும்பிடும் அந்தோணியார். இன்னொன்று ஆள் இல்லை, அவள் மசாலா. அந்தோணியாரைக் குறை சொன்னால்கூட மன்னித்துவிடுவாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி அருவிக்குப் போகிற வழியில் இருபத்திரண்டு வருஷமாக அதே இடத்தில்தான் கடை. அலுமினியத் தாம்பாளத்தில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுப் பிசைவாள். பிசைந்ததும் விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடுவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் அப்போது பேசக் கூடாது. பிறகு கண்ணைத் திறந்து, "ம்ஹூம், பத்தல" என்று இன்னொரு கரண்டி மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவாள். இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை. வருஷத்தில் தவக்காலம் நாற்பது நாள் தவிர, நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு துண்டு ஜிலேபி மீனும் அவள் கடை எண்ணெயில் இறங்கியதில்லை.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் சனியன் பிடித்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் அவள் கடை மீனை ஒரு வாய் வைத்துவிட்டு, மூக்கிலும் கண்ணிலும் ஒழுக, காவிரியை நோக்கி ஓடினான். கூட வந்தவன் அதைப் போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். போதாக்குறைக்குப் பக்கத்து இடத்தில் குள்ளம்மாள் புதிதாக மீன் வறுவல் கடை போட்டிருந்தாள். இத்தனை வருஷம் அழுதுகொண்டே தின்றவர்கள் இப்போது சிரித்துக்கொண்டே நாலு அடி தள்ளி அங்கே போய்த் தின்றார்கள்.

"ஏனக்கா, கொஞ்சம் காரத்தக் கொறச்சுப் போடுங்களேன்" என்று குள்ளம்மாள் நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"காரமா? இந்த வருசம் மொளகாயே சப்புன்னு கெடக்குது. அதுல கொறைக்கச் சொல்றா பாரு" என்று இசபெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அன்றைக்கு ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டமும் தன் கடையைத் தாண்டிப் போய்விட்டால், அப்புறம் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். அவளுக்குத் தெரிந்த வேறு வேலை எது?

அந்தச் சனிக்கிழமை மகள் ஜெனிஷா ஊருக்கு வந்தாள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி உயிர்வேதியியல் படிக்கிறவள். ஆற்றில் தண்ணீர் அதிகமானதால் பரிசலை நிறுத்தியிருந்தார்கள். அதனால் பரிசல் ஓட்டும் அப்பா ஆரோக்கியராஜும் வீட்டில்தான் இருந்தார். மூன்று பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹாஸ்டலின் சப்பென்ற சாம்பாருக்குப் பழகிய ஜெனிஷா, அம்மா வறுத்த மீனை ஒரு கடி கடித்தாள். அடுத்த நொடி எழுந்து குடத்துக்கு ஓடினாள்.

"அம்மா! உன் நாக்கு செத்துப் போச்சு!"

"வாயக் கழுவு. தாயப் பாத்துச் சொல்ற பேச்சா இது?"

ஜெனிஷா விடவில்லை. ஐந்து கிண்ணம் எடுத்தாள். ஒன்றாவதில் அரைக் கரண்டி மிளகாய்த்தூள், அடுத்தடுத்து அரை அரைக் கரண்டி கூட்டி மசாலா பிசைந்து வரிசையாக வைத்தாள். "எதுல உறைக்குதுன்னு சொல்லு."

இசபெல்லா ஒன்றாவதைத் தொட்டாள். "பச்சத் தண்ணி." இரண்டாவது. "கொழந்தைங்க தின்னலாம்." மூன்று, நான்கு தாண்டி ஐந்தாவது வந்தபோது நாக்கைச் சப்புக் கொட்டி, "இது பரவால்ல. இன்னும் ஒரு கரண்டி போட்டா சரியா இருக்கும்" என்றாள்.

ஜெனிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "கேளும்மா. நாக்குல நரம்பு செல்லு இருக்குதில்ல, அதுமேல ஒரு புரதம் காவலுக்கு நிக்குது. ரிசெப்டார்னு பேரு. கொதிக்கற கொழம்பு வாயில பட்டா 'சுடுது'ன்னு சொல்றதுதான் அதோட வேல. மொளகாயில இருக்கற சத்து வந்து அதும்மேல உக்காந்துச்சுன்னா, சூடுதான் வந்திருக்குதுன்னு ஏமாந்து கதவத் தொறந்துடும். வெளிய இருக்கற கால்சியம் உள்ள ஓடும். நரம்புல கரண்டு பாயும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சேதி சொல்லி, மூளைக்குப் போயி 'தீப்புடிச்சிருச்சு'ன்னு கத்தும். ஒடனே வேர்க்குது, மூக்கு ஒழுகுது. நெசத்துல தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இதெல்லாம் என் நாக்குல நடக்குதா?"

"எல்லார் நாக்குலயும் நடக்குது. உன்னுதுல மட்டும் நின்னு போச்சு. உள்ள வந்த கால்சியமே வேற ஒரு புரதத்த எழுப்பிவுட்டு, 'போதும், அந்தக் கதவ அடக்கி வை'ன்னு சொல்லிடும். ஒரு தடவன்னா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நீ தெனமும் இருவது தடவ நக்குற. கதவு எப்பத் தொறக்கும்? கிளிக்கு மொளகா உறைக்காது தெரியுமா? அதோட ரிசெப்டாரே வேற மாதிரி."

"அப்ப என்னக் கிளிங்கற."

ஆரோக்கியராஜ் சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். இசபெல்லா முறைத்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"சும்மா கத வுடாத" என்றாள் இசபெல்லா. "அப்படி நாக்கு செத்திருந்தா, ஈஸ்டர் சமயத்துல மட்டும் வர்றவங்க எல்லாம் எப்படி 'அம்மா கை மணம்'ங்கறாங்க? அது அந்தோணியார் குடுக்கற வரம்."

ஜெனிஷாவின் கண்கள் விரிந்தன. "தவக்காலத்துல நீ காரம் தொட மாட்டியே!"

அது உண்மைதான். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கினால் நாற்பது நாளுக்கு மிளகாய் தொடுவதில்லை என்பது இசபெல்லாவின் நேர்ச்சை. கல்யாணமான வருஷத்திலிருந்து விடாமல் செய்கிறாள். அந்த நாற்பது நாளும் கடை மசாலாவைக் கண்ணளவில் போடுவாளே தவிர நாக்கில் வைக்க மாட்டாள். ஈஸ்டர் முடிந்து முதல் தடவை தொட்டால் சுரீரென்று ஏறும், கை தானாகக் குறைத்துப் போடும். வைகாசி வந்தால் ஒரு கரண்டி கூடும், ஆனியில் இன்னொன்று. ஆடியில் பெங்களூர்ப் பையன் ஆற்றுக்கு ஓடுவான்.

"நாப்பது நாளு சும்மா வுட்டதுல ரிசெப்டார் மறுபடி முழிச்சுக்குதும்மா. அவ்வளவுதான் வரம்."

இசபெல்லா ஈனக் குரலில் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப காவேரித் தண்ணியக் குடிச்சா காரம் போகாதா? எல்லாரும் குடிக்கறாங்களே?"

"தண்ணில அது கரையாது. பாலு, மோரு குடிச்சாத்தான் கழுவிட்டுப் போகும்."

மோர் என்றதும் இசபெல்லாவின் பார்வை புருஷன் தட்டருகே போனது. அங்கே வழக்கம்போல ஒரு சொம்பு மோர் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக மீன் இருக்கும் வேளையெல்லாம் அந்தச் சொம்பும் இருக்கும். மனுஷனுக்கு மோர் என்றால் உயிர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "உங்களுக்கும் உறைக்குதா?"

ஆரோக்கியராஜ் மோரை ஒரு மடக்குக் குடித்தார். "சோறு ஆறுது, சாப்புடு" என்றார்.

மறுநாளே இசபெல்லா தவக்காலத்தை ஆரம்பித்துவிட்டாள். ஆடி மாசத்தில், சாம்பலும் இல்லாமல், பூசையும் இல்லாமல்! காலையில் தயிர்சோறு, மதியம் தயிர்சோறு, ராத்திரி பால்சோறு. கடையில் மசாலாவை ஆரோக்கியராஜ் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னார். அவர் "போதும்" என்ற இடத்தில் அவள் கை நின்றது. ஒவ்வொரு தடவையும் இன்னொரு கரண்டிக்குக் கை துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். குள்ளம்மாள் எட்டிப் பார்த்து, "ஈஸ்டர் ரெண்டாவது தடவ வருதாக்கா?" என்று கேலி செய்தாள். ஆடியில் தவக்காலம் வைப்பதை அந்தோணியாரே பொறுத்துக்கொள்ளும்போது குள்ளம்மாள் எம்மாத்திரம் என்று இசபெல்லா விட்டுவிட்டாள்.

ஆடிப் பதினெட்டு. விடிந்ததும் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கியது. பத்து மணிக்கு இசபெல்லா கடை முன்னால் இரண்டு வரிசை. மைசூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒரு தட்டு முடித்து இரண்டாவது தட்டு கேட்டது. யாரும் அழவில்லை. யாரும் ஆற்றுக்கு ஓடவில்லை. குள்ளம்மாளுக்கு எண்ணெய் தீர்ந்துபோக இவளே கொடுத்து அனுப்பினாள்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது பலகைக்கு அடியில் ஒரு டப்பா கண்ணில் பட்டது. பதினைந்து நாளுக்கு முன்னால் கலந்துவைத்த காய்ந்த மசாலாத்தூள், மிளகாய் அவளுடைய பழைய அளவில். மூடியைத் திறந்தாள். பாவம், நல்ல மசாலா, வீணாகக் கிடக்கிறதே என்று விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தாள்.

மண்டைக்குள் பட்டாசு வெடித்தது. காது அடைத்தது. கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "ஐயோ, அந்தோணியாரே!" என்று பலகையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தபடி நின்றவளுக்கு இருபத்திரண்டு வருஷமும் கண்முன் வந்தது. இதைத்தானே தட்டில் வைத்தாள்? இதைத் தின்றுவிட்டுத்தானே இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் பரிசல் தள்ளப் போனார்?

"ஏனுங்க" என்றாள். பக்கத்தில் மோர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். "ஏன் சொல்லல?"

"மொத வருசம் ஒரு தடவ சொன்னேன்" என்றார் ஆரோக்கியராஜ். "மூணு நாளு நீ எங்கூடப் பேசல. அதவிட இது தேவலாம்னு இருந்துச்சு."

கண்ணீர் இப்போது மிளகாயால் வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அவர் தன் மோர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்.