சபீனா மேடம் கிழிக்கவிடாத காகிதம்

மங்கலம்பேட்டையிலிருந்து போன் வந்தபோது விருத்தாசலம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தடய அறிவியல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சபீனா மேடம் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்திருந்த பழைய போலீஸ்காரர் ஒருவர், நல்ல மனுஷிதான், ஆனால் பிடிவாதக்காரி என்றார். ஆமாம், பிடிவாதக்காரிதான். அவரை அறிந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேடம் வேலையில் இருந்த காலத்தில் நான் இங்கே விருத்தாசலத்தில் சப்-இன்ஸ்பெக்டர். பீங்கான் பட்டறைக்காரர் ஒருவரின் மனைவி வீட்டுக்குள் தூக்கில் தொங்கினாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் நின்றது. தீராத வயிற்றுவலி என்றார் புருஷன். நானும் தற்கொலை என்று எழுதிவிட்டேன்.

மேடம் வந்ததும் தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களைப் பார்த்தார். பட்டறையின் வெள்ளைக் களிமண் காய்ந்து அப்பியிருந்தது. பீங்கான் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கால்களை யாரும் கவனிப்பதில்லை. ஸ்டூலின் மேலோ தூசி கலையவில்லை, களிமண் துளிகூட இல்லை.

"ஏறாத ஸ்டூல்லேர்ந்து எப்புடிங்க தொங்குனாங்க?" என்று கேட்டார்.

வெளியே ஊர்ப் பெரியவர்கள், இருட்டுவதற்குள் உடலைக் கொடுத்துவிடச் சொல்லி நின்றார்கள். மேலிடத்திலிருந்தும் போன் வந்தது. வேண்டுமானால் தன்னை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி மேடம் போனை வைத்துவிட்டார். பிரேதப் பரிசோதனையில் கழுத்தில் விரல் அழுத்திய காயங்கள் தெரிந்தன.

நான் முதலில் எழுதிய அறிக்கையைக் கிழிக்கப் போனேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதீங்க சார். தப்பா எழுதுனதும் கேஸ்ல இருக்கட்டும். கோர்ட்ல கேட்டா தப்புன்னு சொல்லுங்க."

எனக்குப் பொல்லாத கோபம். பதவி உயர்வு கைக்கு எட்டும் நேரம் அது. பல மாதம் அவரோடு பேசவே இல்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், விருத்தாசலத்தில் வெள்ளைக் களிமண் இல்லாத வீடு உண்டா என்று சிரித்தார்.

"எல்லா வூட்லயும் இருக்குதுங்க. இந்த ஸ்டூல்ல மட்டும்தான் இல்ல," என்றார் மேடம்.

அடுத்து நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அவசரப்பட்டுத் தப்பாக எழுதினேன் என்று சொன்னேன். புருஷனுக்கு ஆயுள் தண்டனை. எனக்குப் பதவி உயர்வு வரவில்லை, போகட்டும். செத்தவளின் அம்மா கோர்ட் வாசலில் என்னை நிறுத்தினார்.

"எம்பொண்ணு தானா சாவலன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. போதுங்க."

மேடம் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கூண்டில் நிமிர்ந்து நின்ற நிமிஷம்தான். நான் அன்று எழுதியது தப்பு. யார் கேட்டாலும் இன்னொரு முறை ஏறிச் சொல்வேன்.