பக்கத்து வீட்டுக்கு வந்த அழைப்பு

குத்துக்கல்வலசையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வயர்லெஸ் பிரிவிலேயே இருந்தவர். லத்தி பிடித்ததைவிட மைக் பிடித்ததுதான் அதிகம் என்று அவரே சொல்வார். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. ஒரே மகள், கணவரோடு புனேயில் இருக்கிறாள். நான் அவரை அண்ணாச்சி என்பேன். கடையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பதால் அவருக்கு நான் டீச்சர்.

போன கோடை விடுமுறையில் ஒரு நாள் மதில் பக்கம் வந்து நின்று, தன் காரை வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை குறைந்துவிட்டதாம். இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளும் போனில் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

“வெளிய குடுக்க மனசு வரல டீச்சர். நீங்க எடுத்துக்கிட்டா தினமும் கண்ணால பாத்துக்கிடுவேன்” என்றார்.

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டப் பழகினேன். வண்டி பழசு என்றாலும் உள்ளே அவர் ஆசையாகப் பொருத்திய பெரிய திரை ஒன்று இருந்தது. பாட்டு, வழி காட்டும் வரைபடம், பின்னால் போகும்போது கேமரா எல்லாம் அதில்தான். என் போனையும் அதில் இணைத்துக்கொண்டேன். முதல் அழைப்பு என் கணவரிடமிருந்து வந்தது. அவர் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். அவர் குரல் நான்கு கதவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்ததும் என்னையறியாமல் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடம் காதோடு ஒட்டிக் கேட்ட குரல்தான். காருக்குள் அது அகலமாகி, கொஞ்சம் வயதானதாகக்கூடத் தெரிந்தது. அவர் பேசுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஒரு மூச்சு.

ஜூனில் பள்ளி திறந்தது. காலை ஏழு நாற்பதுக்கு வண்டியை எடுப்பேன். ஒரே ஒரு குறைதான் இருந்தது. வீட்டு வாசலில் என் போன் காரோடு சேராது. தெருமுனை தாண்டிய பிறகுதான் சேரும். பழைய வால்வு ரேடியோவைப் போல இதற்கும் சூடேற நேரம் வேண்டியிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அறிவியல் டீச்சர் சொல்லக்கூடிய காரணமில்லை அது.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அது நடந்தது. வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். ரிவர்ஸ் எடுக்கும்போது எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொள்வது என் வழக்கம். “மெதுவா, மெதுவா, இடது பக்கம் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது காருக்குள் ஒரு பெண் குரல் கேட்டது.

“அப்பா? யாருப்பா அது? யாரு பேசுதது?”

பிரேக்கை மிதித்தேன். திரையில் கேமரா காட்டும் தெருவைத் தவிர ஒன்றுமில்லை. குரலும் நின்றுபோனது. என் கைப்பையில் இருந்த போனை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு எதுவும் வரவில்லை. ஏதோ பண்பலை நாடகம் புகுந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பினேன். ஆனால் கடையம் போய்ச் சேரும் வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாடகத்தில் வரும் பெண் நான் பேசியதை எப்படிக் கேட்டாள்?

அடுத்த இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் வந்தது. “அப்பா, கேக்குதா? அப்பா?” இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. வண்டி ரிவர்ஸ் போகும் கீ கீ சத்தம் மட்டும்தான். அந்தப் பெண் பெருமூச்சு விட்டது கேட்டது.

அந்த வாரக் கடைசியில் அண்ணாச்சி மதிலோரம் நின்று முருங்கைக்காய் கொடுத்தார். ஆள் வாடியிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, தென்காசியில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். போனில் பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று எதுவும் கேட்காமல் போகிறதாம். போனைக் கடையில் காட்டினால் போன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். டாக்டரிடம் போனால் காது நன்றாக இருக்கிறது என்கிறார்.

“அதான் பயமா இருக்கு டீச்சர்” என்றார். “போனும் நல்லா இருக்கு, காதும் நல்லா இருக்குன்னா, அப்ப தலைதான் சரியில்ல. இத்தன வருசம் காத வெச்சுப் பொழச்சவன் நான். இரைச்சலுக்குள்ள ஒருத்தன் மூணு எழுத்து சொன்னாப் போதும், பிடிச்சிருவேன்.”

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போதும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் வேண்டுமென்றே பத்து நிமிடம் முன்னதாகப் போய் வண்டியில் உட்கார்ந்தேன். ரிவர்ஸ் கியர் போடவில்லை. போட்டால் திரையைக் கேமரா மறைத்துவிடும் என்று யோசித்திருந்தேன். இஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஓர் அழைப்பு ஓடுவது தெரிந்தது. மேலே மூலையில் சின்ன எழுத்தில் ஒரு போன் மாடல் எண் இருந்தது. என்னுடையது அல்ல. பிறகு குரல் வந்தது, “அப்பா, லைன்ல இருக்கீங்களா?” அதே நொடியில் மதிலுக்கு அந்தப் பக்கம், திறந்திருந்த ஜன்னலிலிருந்து அண்ணாச்சி, “அலோ… அலோ…” என்று கத்துவது கேட்டது.

எல்லாம் விளங்கிவிட்டது. அவர் எப்போதும் அந்த ஜன்னலோரம் சார்ஜரில் போட்டபடியேதான் பேசுவார். என் கார் நிற்பது அந்த ஜன்னலிலிருந்து ஏழெட்டு அடியில். காரின் ஞாபகத்தில் முதல் இடத்தில் இருப்பது அவருடைய போன். இஞ்சின் ஓடியதும் வண்டி தன் பழைய எஜமானைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. வாசலில் என் போன் சேராததும் இதனால்தான். அவர் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு அவர் காதிலிருந்து கழன்று என் காருக்குள் வந்துவிடுகிறது. முன்பு மகள் மாலையில்தான் பேசுவாள். வேலை நேரம் மாறியதிலிருந்து காலையில் கூப்பிடுகிறாள். அதனால்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை.

உடனே இஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் உண்மை.

அவள் பக்கத்தில் இருந்த கணவரிடம் பேசினாள். அப்பா மறுபடியும் காரை எடுக்கிறார், விற்றுவிட்டேன் என்று சொன்னது பொய், இஞ்சின் சத்தம் தனக்குத் தெளிவாகக் கேட்கிறது, பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு ரோட்டில் போகிறார் என்றாள். “இதுக்கு மேல தனியா விட முடியாது. அந்த வீட்ட வித்துட்டு இங்கயே கூட்டிட்டு வந்திருவோம்.”

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அம்மா, நான் பக்கத்து வீட்டு டீச்சர் பேசுதேன்” என்றேன் திரையைப் பார்த்து. “உங்க அப்பா வண்டி ஓட்டல. ஓட்டுதது நான். அப்பா வீட்டுக்குள்ளதான் இருக்காங்க.”

“அப்பா போன் எப்படி உங்க கையில?” என்று சந்தேகமாகக் கேட்டாள். விளக்க ஆரம்பித்தேன். பாதியில், இதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று தோன்றி, அவளை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கி மதிலோரம் போய் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். போனை வைத்துவிடாமல் கையோடு எடுத்து வரச் சொன்னேன்.

பனியனோடு வந்தார். கார் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து, “அப்பா, நான் பேசுதது கேக்குதா?” என்று அவர் மகள் கேட்டாள். அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இருக்கையில் உட்கார்ந்தார்.

“கேக்குது, மக்கா” என்றார். “நல்லாக் கேக்குது.”

சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரமாகத் தன் புத்தி தடுமாறுகிறது என்று நம்பியிருந்த மனிதர். மகளின் மூச்சுச் சத்தம் மட்டும் காரை நிறைத்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

ஐந்து நிமிடத்தில் அவர் பழைய ஆளாகிவிட்டார். இது எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எனக்கும் தெரியாது. அளந்து பார்த்துவிடலாம் என்றார். மகளை விடாமல் எண்ணச் சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி தெருவில் நடந்தார். நான் காருக்குள் உட்கார்ந்து, கேட்கக் கேட்கக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். எங்கள் வாசல் வரை எண்கள் தெளிவாக வந்தன. எதிர்வீட்டு வேப்பமரத்தருகே பதினேழும் பதினெட்டும் உடைந்தன. மின்கம்பத்தை எட்டியபோது அறுந்தேபோனது. அங்கேயிருந்து போனைக் காதில் வைத்தவர், “இருபத்தி நாலுல இங்கன வந்திட்டா டீச்சர்!” என்று கத்தினார். தெருவில் இரண்டு பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அன்றைக்கு நான் பள்ளிக்குப் போனது முதல் பாடவேளை முடிந்த பிறகுதான்.

சாயங்காலம் இருவருமாக உட்கார்ந்து அவர் போனைக் காரின் நினைவிலிருந்து அழித்தோம். அழிக்கட்டுமா என்று திரை கேட்டபோது அவரையே தொடச் சொன்னேன். தயங்காமல் தொட்டார். மகள் வீட்டை விற்பதாகச் சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அது எனக்குச் சொல்லப்பட்ட பேச்சில்லை.

ஜூலையில் அவள் மட்டும் ஒரு வாரம் வந்திருந்தாள். நல்ல சாரல். என் கணவர் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் கூட்டம் தாங்க முடியவில்லை என்று பழைய குற்றாலம் போய்க் குளித்தோம். அவர் ஆண்கள் பக்கம் போயிருந்தபோது, தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

“அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் அப்பாட்ட சொல்லிட்டீங்களா டீச்சர்?”

“இல்லம்மா. நான் கேட்டதே தப்பு.”

அவள் துண்டைப் பிழிந்தாள். திரும்பும் வழியில் நான் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அப்பாவிடம் நேராகவே கேட்டாள். முன் இருக்கையில் அவர் மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தார். வைப்பரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, வீட்டை விற்க முடியாது என்றும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் புனேக்கு வந்து இருப்பதாகவும் சொன்னார். மூன்று மாதமாவது இருக்க வேண்டும் என்றாள் அவள். தோட்டத்துக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டார். நான் விடுகிறேன் என்றேன்.

“அப்ப மூணு மாசம்” என்று சொல்லிவிட்டு, உரித்த பழத்தில் பாதியைப் பின்னால் நீட்டினார்.