பொத்தான் தைக்க வந்தவர்

எங்கள் தையல் கடைக்கு அவர் முதல் தடவை வந்தது ஒரு களிசானின் கால் நீளத்தைக் குறைக்க. இரண்டாம் தடவை சேர்ட்டில் ஒரு பொத்தான் போயிருந்தது. மூன்றாம் தடவையும் பொத்தான்தான். நான்காம் தடவை அவர் வாசலில் தெரிந்ததும் அப்பா மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கண்டி டவுனிலிருந்து மலைப்பக்கமாக ஏறும் ஒடுக்கமான வீதியில் இருந்தது எங்கள் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. அப்பாவின் அப்பா பன்விலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அப்பா டவுனுக்கு இறங்கி வந்து தையல் பழகி, இரண்டு மெஷின் வைக்கும் அளவுக்கு வந்திருந்தார். நான் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் அது. காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் என் வேலை.

வந்தவருடைய முகத்தின் இடது பக்கம் முழுவதும் வெந்து ஆறியிருந்தது. காது இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும். வாயின் அந்த ஓரம் கீழே இழுபட்டு மூடாமல் நின்றது. ஒரு கைக்குட்டையை அங்கே அடிக்கடி ஒற்றிக்கொள்வார். எங்கள் வீதியில் யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. பார்த்த அன்றே "கோப்ரல் மாத்தயா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அது டிவி நாடகத்தில் வரும் ஆளின் பெயர். செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு அந்தச் சிங்கள நாடகம் போகும். போரில் முகம் வெந்து ஊர் திரும்பிய ஓர் ஆமி கோப்ரல் ரயில் கடவையில் கேட் காக்கும் வேலை பார்ப்பார். நிச்சயித்த பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போயிருப்பாள். ஆனால் ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். கண்டியில் அந்த ஏழு மணிக்கு எந்த வீட்டைக் கடந்து போனாலும் அவர் குரல் கேட்கும். ஆமிச் சிப்பாய்களைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடக்கும் எங்கள் அம்மாகூட அவருக்காக அழுவார்.

"இந்தப் பொண்ணுக்கு கண்ணு அவிஞ்சா போச்சு? இப்படி தங்கமான மனுசன விட்டுட்டுப் போறாளே!"

அப்போது எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அக்கா தங்கியிருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வாரத்துக்கென்று கொண்டுவந்து விட்டார். அது மூன்று மாதமாகியிருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிப் பொலிசில் கொடுக்க வேண்டிய போர்க்கால நாட்கள் அவை. ஒரு வாரம்தானே என்று அக்காவின் பெயரை அப்பா கொடுக்காமல் விட்டிருந்தார். பிறகு கொடுக்கப் பயந்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

அக்காவும் எங்களோடு அந்த நாடகத்தைப் பார்ப்பார். முதலில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு செவ்வாயும் வியாழனும் நேரத்தோடு வரத் தொடங்கினார். "நடிப்பெண்டாலும் பாவமாத்தான் கிடக்கு," என்றார் ஒருநாள், யாரையும் பார்க்காமல்.

நான்காம் தடவை வந்தவர் ஒரு சேர்ட்டைத் தந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். பொத்தான் தானாகக் கழன்றால் நூல் தேய்ந்து பிசிறாகத் தொங்கும், துணியும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். இதில் நூல் நறுக்கென்று நின்றது. பிளேடால் அறுத்தது. பொத்தான் வைத்து அனுப்பிவிட்டு அப்பாவிடம் காட்டினேன், மிச்ச நூலை.

அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "போன தடவையும் இப்படியா?"

"கவனிக்கலப்பா."

அம்மா திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். "நான் கவனிச்சேன். அவன் எப்ப வர்றான்னு பாருங்க. செவ்வாக்கிழமை, வியாழக்கிழமை. அந்தப் புள்ள நேரத்தோட வர்ற நாளு. வந்து அந்த வாங்குல ஒக்காந்து திரைப்பக்கம்தான் பாக்குறான்."

அது உண்மை. வாங்கில் எத்தனை இடம் இருந்தாலும் அவர் ஒரே மூலையில்தான் உட்காருவார். அங்கிருந்து திரையின் இடுக்கு வழியாக உள்ளறை தெரியும். அக்கா வழக்கமாக உட்காரும் கதிரையும் தெரியும். அதற்குப் பிறகு நான் திரையை நன்றாக இழுத்துவிட்டேன். காற்று அதை விலக்கும். அவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். அதை நான் ஊசி கோத்துக்கொண்டே பார்ப்பேன்.

பிறகு ஒரு செவ்வாய் அவர் மறுபடி வந்தார். இப்போது களிசானின் மடிப்பு பிரிந்திருந்தது. அப்பா அதைத் தைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா, சிங்களவர்தானே, விளங்காது என்ற தைரியத்தில், தமிழில் சொன்னார்:

"இந்த ஆளு வேலை முடிஞ்சும் போகமாட்டான் போல. மழை வேற வருது."

அவர் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்து, "ஓம், மழை வருது," என்றார்.

அம்மா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையோடு திரைக்குப் பின்னால் போய்விட்டார். கண்டியில் நாங்கள் யாரும் ஆமாவுக்கு 'ஓம்' சொல்வதில்லை. அக்கா சொல்வார். அது வடக்கின் வார்த்தை. இவர் ஆமியில் இருந்தபோது அதை அங்கேதான் பழகியிருக்க வேண்டும். அப்படியென்றால் இத்தனை நாளும் நாங்கள் அவர் முன்னால் பேசிய எல்லாமே அவருக்கு விளங்கியிருக்கிறது. என்னென்ன பேசினோம்? மூன்று பேரும் அன்று சாப்பிடும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அம்மா அக்காவிடம், ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வரப்போகிறார்கள், இடம் போதாது என்றார். கம்பளையில் சின்னம்மா வீட்டில் ஓர் அறை இருக்கிறது, அங்கேயிருந்து ரயிலில் பேராதனைக்குச் சுகமாகப் போய்வரலாம் என்றார். உறவுக்காரர்கள் யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அக்காவின் புத்தகங்களைக் கட்டிக்கொடுத்தேன். "ஒண்டுக்கும் கவலைப்படாதையுங்கோ," என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

வியாழக்கிழமை அந்த மனிதர் வந்தார். அப்பா துணி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அவர் சேர்ட்டைத் தந்துவிட்டு அதே மூலையில் உட்கார்ந்தார். உள்ளே நாடகத்தின் பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்க முடியுமா, நங்கி?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவது போல, சிங்களத்தில் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் அதைவிடக் கூட. "அந்த அக்கா இங்கே இல்லை. போய்விட்டார்," என்றேன், சிங்களத்தில்.

"எந்த அக்கா?"

"நீங்கள் பார்க்க வருகிற அக்கா."

அவர் விளங்காமல் திரையையும் என்னையும் பார்த்தார். பிறகு கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

"நான் டிவி பார்க்க வருகிறேன்," என்றார்.

"உங்கள் வீட்டில் டிவி இல்லையா?"

"இருக்கிறது. நான் உள்ளே வந்தால் மனைவி அதை நிறுத்திவிடுவாள். எனக்கு மனம் நோகுமாம். அக்கம்பக்கத்திலும் நான் போகும்போது சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். ஊரெல்லாம் என்னை அவன் பெயரில் கூப்பிடுகிறது. அவன் யாரென்று நான் ஒருநாளும் முழுசாகப் பார்க்கவில்லை."

"அதுக்காகப் பொத்தானை அறுத்தீர்களா?"

அவர் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம்தான் சிரித்தது. "தெரிந்துவிட்டதா?"

நான் திரையை விலக்கினேன். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா திடுக்கிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவர் உள்ளே போகவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில், நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். டிவியில் கோப்ரல் ரயில் கேட்டடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"பொய்," என்றார் இவர். "இந்த வாயால் கோப்பையில் குடிக்க முடியாது. சட்டையெல்லாம் ஊற்றும். நான் கரண்டியால் குடிக்கிறேன்." கொஞ்சம் கழித்து, "வெந்த பக்கத்தில் வெயில் படுகிறது. அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறான்," என்றார். குரலில் கோபமில்லை. தைத்த துணியில் பிழை தேடும்போது அப்பா பேசுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா சுவரோடு ஒட்டி நின்று, நாடகத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு, அக்காவைத் திரும்பக் கூப்பிடலாம் என்றேன்.

"டிவி பாக்க வந்தேன்னு சொன்னா நம்பிடுறதா?" என்றார் அம்மா. "தமிழ் தெரிஞ்சவன் ஏன் இத்தன நாளா தெரியாத மாதிரி இருந்தான்? அதக் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. வந்து விஷயத்தைக் கேட்ட அப்பாவும் அம்மாவின் பக்கம்தான் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கம்பளைக்கு ரயில் ஏறினேன். சின்னம்மா வீட்டுப் பின்வாசலில் அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் வரவில்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சவர்க்காரத்தைக் கல்லில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அவர் டிவியைத்தான் பாக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். முன்னாலதானே இருந்தனான். என்ரை முகத்தில அவரின்ரை கண் ஒருநாளும் படேல்லை."

"அப்ப ஏன் அக்கா சொல்லல?"

"நீங்கள் ஆருக்குப் பயந்தனீங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை. அவருக்கோ, எனக்கோ?"

நான் தோய்த்த உடுப்புகளை எடுத்துப் பிழியத் தொடங்கினேன். அக்கா பிறகு எங்களோடு தங்க வரவில்லை. சின்னம்மாவோடு நன்றாக ஒத்துப்போனது. படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

நாடகம் முடிந்த அன்று, பொத்தான் தைக்க வருகிறவர் கடைக்கு வந்திருந்தார். கையில் துணி எதுவும் இல்லை. அப்பா வாங்கை நிலைவரை இழுத்துப் போட்டார். கடைசிக் காட்சியில் கோப்ரல் வெளிநாட்டில் ஒப்பரேஷன் செய்து, கட்டுகளை அவிழ்த்துக் கண்ணாடியில் பார்த்தார். அழகான, பளபளப்பான முகம். விட்டுப்போன பெண் ஓடிவந்து அழுதாள். அம்மாவும் அழுதார். வீதி முழுவதும் சந்தோஷச் சத்தம் கேட்டது.

அவர் வாங்கிலிருந்து எழுந்தார். "எனக்கு பதினொரு ஒப்பரேஷன்," என்றார், தமிழில். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

"பாரு, எவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறான்," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு அவர் கடைக்கு வரவில்லை. பல மாதங்களுக்குப் பின் மார்க்கட்டில் அவரை மனைவியோடு கண்டேன். மனைவி போஞ்சிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னை அடையாளம் கண்டு, கூட்டத்துக்கு நடுவில், "வீட்டில எல்லாரும் சுகமா?" என்று தமிழில் கேட்டார். நான் முதலில் இரண்டு பக்கமும் பார்த்தேன், யாருக்காவது கேட்டதா என்று. அதன் பிறகுதான் தலையாட்டினேன்.